உப்புக்கு முந்தைய நொடி

சியோலில் ஒரு சமையலறை. கொதிக்கிற நீரில் பாலக்கீரையை முக்கி, ஒரு நிமிடம் ஆவதற்குள் எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, இரு கைக்குள்ளும் அடக்கிப் பிழிகிறார் ஒரு தாய். பிழிந்த கீரை கரும்பச்சை உருண்டையாகக் கிண்ணத்தில் விழுகிறது. அடுத்து அதில் சேர வேண்டியவை சோயா சாஸ், நசுக்கிய பூண்டு, வறுத்த எள்ளில் ஆட்டிய நல்லெண்ணெய், மேலே தூவக் கொஞ்சம் எள். இதற்கு ஷிகும்ச்சி நமுல் என்று பெயர். வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருந்தால், சாஸ் புட்டியை எடுக்கப் போகும் கை சற்று நிற்கும். கீரையில் ஒரு சிட்டிகையைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் மீதியில் சாஸ் விழும்.

குழந்தைக்கென்று தனி அடுப்பு எரியவில்லை. பெரியவர்கள் சாப்பிடும் அதே தொடுகறி, ஒரு படி முன்னால் நிறுத்தப்பட்டுவிட்டது. அவ்வளவுதான்.

சோற்றைச் சுற்றிச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் கொரியர்கள் வைக்கும் இந்தத் தொடுகறிகளைப் பன்ச்சான் என்பார்கள். அவற்றில் பலவற்றுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு: பொருள் முதலில் வெறுமனே வேகும்; காரசாரம் கடைசியில்தான் சேரும். நமுல் வகைக் கீரைகள் அப்படி. துபு எனப்படும் சோயாக்கட்டியும், பூசணி வகையைச் சேர்ந்த மென்மையான ஏஹோபாக்கும் அப்படித்தான். இதனால் குழந்தையின் பங்கைப் பிரித்தெடுக்க ஒரு இடைவெளி கிடைக்கிறது. கிம்ச்சி-ஜிகே போல, உப்பும் மிளகாயும் முதலிலேயே கலந்து கொதிக்கும் குழம்புகளில் அந்த இடைவெளி கிடையாது. அவற்றில் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்து ஊட்டுவது நல்ல யோசனை அல்ல. உப்பின் மொத்த அளவு குறையாது, கிண்ணம்தான் பெரிதாகும்.

கை ஏன் நிற்க வேண்டும்? ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் போதுமென்று அமெரிக்க ஊட்டச்சத்து அளவீடு சொல்வது 370 மில்லிகிராம். அதாவது பெரியவர்கள் மூன்று நான்கு பேருக்கான கீரையில் ஊற்றும் ஒரே கரண்டி, குழந்தைக்கு இரண்டு நாளுக்கும் மேலான கணக்கு. குழந்தைக்கு வேண்டிய உப்பு தாய்ப்பாலிலிருந்தும், காயிலும் இறைச்சியிலும் இயல்பாக உள்ளதிலிருந்தும் கிடைத்துவிடுகிறது.

சிறுநீரகத்தில் வடிகட்டும் நுண்ணலகுகள் நிறைமாதக் குழந்தைக்குப் பிறக்கும்போதே முழு எண்ணிக்கையில் அமைந்திருக்கும். ஆனால் அவற்றின் வேலைத்திறன் மெல்லத்தான் ஏறும். உடலின் பரப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால், பெரியவர்களின் வடிகட்டும் அளவை எட்ட ஒன்றிலிருந்து இரண்டு வயதாகிறது. உப்பைச் செறிவாகத் திரட்டி வெளியே தள்ளும் சாமர்த்தியமும் சிசுவுக்குக் குறைவு. உப்பு கூடினால் அதைக் கழுவி வெளியேற்ற உடம்பு தன் நீரைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

பொடி நெத்திலிக் கருவாட்டைக் கொரியத் தாய்மார் கையாளும் விதம் எனக்குப் பிடித்த உதாரணம். அங்கே இந்த மீனை உப்புநீரில் அவித்துக் காயவைப்பார்கள். பெரியவர்களுக்கு அதை எண்ணெயில் வறுத்து, சோயா சாஸும் பாகும் ஊற்றிப் பளபளவென்று பிரட்டுவார்கள். குழந்தைக்கு என்றால் முதலில் தண்ணீரில் ஊறும். தண்ணீரை மாற்றி மறுபடி ஊறும். உப்பின் அயனிகள் மிகச் சிறியவை. செறிவு அதிகமான மீனுக்குள்ளிருந்து செறிவே இல்லாத நீருக்குத் தாமாக நகர்ந்துவிடும். புரதமும் முள்ளில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் அப்படி எளிதில் கழன்று வராது. பிறகு அரைத்தோ நுணுக்கியோ கஞ்சியில் சேர்க்கிறார்கள். பள்ளியில் படித்த விரவல் பாடம் ஒரு பாத்திரத் தண்ணீரில் நடக்கிறது.

சரி, உப்பை எடுத்துவிட்டால் ருசிக்கு எங்கே போவது?

1908இல் டோக்கியோவில் வேதியியலர் கிகுனே இகேடா, தாஷி என்ற ஜப்பானியச் சாற்றின் ருசி எதனால் வருகிறது என்று தேடினார். சாறு இறங்கிய கடற்பாசியைக் காய்ச்சிக் காய்ச்சி அவர் பிரித்தெடுத்தது குளூட்டமேட். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எதிலும் அடங்காத அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அதே கடற்பாசி கொரியாவில் தாஷிமா. தாஷிமாவையும் உலர்ந்த நெத்திலியையும் சேர்த்துக் கொதிக்கவைத்த சாறுதான் கொரியச் சூப்புகள் பலவற்றுக்கு அடித்தளம். இந்தக் கூட்டணி வெறும் பழக்கத்தால் வந்ததன்று. மீனில் உள்ள இனோசினேட், குளூட்டமேட்டோடு சேரும்போது நாக்கில் உமாமி பன்மடங்காகப் பெருகுகிறது. இரண்டையும் தனித்தனியே ருசித்துக் கூட்டிப் பார்த்தால் இந்த விடை வராது.

வியப்பு இனிமேல்தான். தாய்ப்பாலில் கட்டவிழ்ந்து மிதக்கும் அமினோ அமிலங்களில் மிக அதிகமாக இருப்பதும் குளூட்டமேட்தான்; பசும்பாலில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தை, இனிப்போடு உமாமியையும் நாள்தோறும் ருசித்தே வளர்ந்திருக்கிறது. உப்பில்லாத கடற்பாசிச் சாறு பெரியவர்களின் நாக்குக்குச் சப்பென்று இருக்கலாம். குழந்தைக்கு அது பழகிய வீட்டின் வாசனை.

இங்கே கதையை முடித்துவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் தாஷிமாவுக்கு இன்னொரு முகம் உண்டு. கடல்நீரில் மிகச் சொற்பமாக இருக்கும் அயோடினைத் தனக்குள் சேர்த்துவைப்பதில் அதற்கு ஈடான உயிர் அரிது. ஒரு கிராம் உலர்ந்த தாஷிமாவில் 1,000 மைக்ரோகிராமுக்கு மேலும் அயோடின் இருக்கலாம். 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளுக்குப் போதுமான அளவு 130 மைக்ரோகிராம். அயோடின் கொதிநீரில் இறங்கிவிடும்; கடற்பாசித் துண்டை வெளியே எடுத்துப் போட்டுவிட்டதால் தப்பித்தோம் என்று நினைக்க முடியாது.

கொரியாவில் இந்தக் கணக்கு குழந்தை சோறு தின்னத் தொடங்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. பிள்ளை பெற்றவளுக்கு அங்கே முதல் உணவு மியொக்குக். மியொக் என்ற கடற்பாசியை இறைச்சியோடு கொதிக்கவைத்த சூப். வாரக்கணக்கில், ஒரு நாளைக்குப் பல வேளை. 1990களின் இறுதியில் நடந்த ஆய்வொன்றில், பிரசவமான முதல் நாட்களில் தாய்மார் உட்கொண்ட அயோடின் நாளுக்கு 2,000 மைக்ரோகிராமைத் தாண்டியது. பெரியவர்களுக்கான பாதுகாப்பு எல்லையாக அமெரிக்கர்கள் வைத்திருப்பதே 1,100தான். தாய் உண்ட அயோடின் பாலில் சேர்கிறது. பால் வழியே சிசுவுக்குப் போகிறது.

அளவுக்கு மீறிய அயோடின் வந்தால் தைராய்டுச் சுரப்பி தன் வேலையைத் தற்காலிகமாக நிறுத்திவிடும். 1948இல் வோல்ஃப், சைகாஃப் என்ற இருவர் எலிகளில் கண்ட இந்த விளைவு அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. வளர்ந்தவர்களின் சுரப்பி சில நாட்களில் அந்த முடக்கத்திலிருந்து தானே மீண்டுவிடும். குறைமாதக் குழந்தையின் சுரப்பிக்கு அப்படி மீளும் பக்குவம் வந்திருக்காது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் தைராய்டு சுரப்பு குன்றியதைத் தாய்ப்பாலின் மிகை அயோடினோடு தொடர்புபடுத்திக் கொரிய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் எந்தக் குறையும் இன்றி வளர்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடற்பாசி கெட்டது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். ஆனால் தினமும் குழந்தைக் கஞ்சிக்குத் தாஷிமாச் சாறு என்ற பழக்கத்தை என்னால் ஆதரிக்க முடியவில்லை. முள்ளங்கி, வெங்காயம், முட்டைக்கோஸ், காய்ந்த ஷிடாகே காளான் போட்டுக் கொதிக்கவைத்த சாறும் அங்கே புழக்கத்தில் இருப்பதுதான். ஷிடாகேயிலும் உமாமி தரும் பொருள் உண்டு. கிம் எனப்படும் மெல்லிய கடற்பாசித் தாளில் அயோடின் தாஷிமாவைவிட மிகக் குறைவு. அதில் வேறொரு வம்பு: ஈரம் பட்டதும் அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். எண்ணெயும் உப்பும் தடவாத தாளைப் பொடியாகக் கிள்ளிக் கஞ்சியில் நனைத்துக் கொடுப்பார்கள்.

குழந்தையின் பங்கில் பச்சைப் பூண்டையும் சேர்ப்பதில்லை. பூண்டில்லாமல் கொரியச் சமையல் ஏது என்று கேட்கலாம். அந்நாட்டின் பிறப்புக் கதையே பூண்டில்தான் தொடங்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சம்குக் யுசா என்ற நூலில் வரும் கதை: மனிதராக ஆசைப்பட்ட கரடிக்கும் புலிக்கும் கொஞ்சம் மாசிபத்திரியும் இருபது பூண்டும் கொடுத்து, நூறு நாள் வெயில் படாமல் குகையில் இருக்கச் சொன்னார்கள். புலி பொறுமையிழந்து ஓடிப்போனது. கரடி இருபத்தோராம் நாளே பெண்ணானாள்; அவள் மகன்தான் கொரியாவின் முதல் அரசன் தங்குன். அதே இரண்டு எண்கள் பிள்ளை பிறந்த வீட்டிலும் வரும். இருபத்தொரு நாள் வாசலில் வைக்கோல் கயிறு கட்டி வெளியாரைத் தடுப்பது பழைய வழக்கம். நூறாம் நாள் விருந்து இன்றும் நடக்கிறது.

பூண்டுக்கும் சிசுவுக்கும் உள்ள உறவு குகைக்கதையோடு நிற்கவில்லை. பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லாவும் கேரி போஷாம்ப்பும் 1991இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பாலூட்டும் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்தார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் பாலின் மணம் மாறி உச்சத்தை எட்டியது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை. வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டு குடித்தார்கள். 1995இல் அவர்கள் இன்னும் பின்னுக்குப் போனார்கள்: பூண்டு உண்ட கர்ப்பிணிகளின் பனிக்குட நீரை முகர்ந்தவர்களால் அதில் பூண்டு வாடையை அறிய முடிந்தது. நிறைமாதத்தை நெருங்கும் சிசு அந்த நீரை நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் விழுங்குகிறது. 2001இல் காரட்டை வைத்து நடந்த சோதனை சங்கிலியை முழுமையாக்கியது. கர்ப்பத்திலோ பாலூட்டும்போதோ தாய் காரட் சாறு குடித்திருந்தால், பிறகு காரட் சேர்த்த கூழைப் பார்த்துக் குழந்தை முகம் சுளிப்பது குறைந்தது.

ஆக, ஷிகும்ச்சி நமுலின் சப்பென்ற சிட்டிகையை முதன்முதலாக வாங்கும் குழந்தை கொரியச் சமையலுக்கு அந்நியன் அல்ல. பூண்டின் வாசனை கருவறையிலேயே அறிமுகமாகியிருக்கிறது. அந்தத் தொடுகறியில் அதுவரை அறியாதது கீரையின் கசப்பும், கீரை நாக்கில் படும் விதமும்தான்.

கிம்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கொரியர்கள் மன்னிக்க மாட்டார்கள். உப்பில் ஊறிய நாப்பா முட்டைக்கோஸைக் கைக்குழந்தைக்குக் கொடுப்பதில்லை. ஓராண்டு தாண்டி நன்றாக மெல்லத் தொடங்கிய பிள்ளைக்கு, கிம்ச்சியைத் தண்ணீரில் அலசி, மிளகாயை உதறி, பொடியாக நறுக்கிச் சோற்றின் மேல் வைப்பது பரவலான வழக்கம். மிளகாயின் காரம் சுவையே அல்ல. சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டும் எரிச்சல். பால் மறவாத வாய்க்கு அதைப் பழக்குவதற்கு அவசரம் ஒன்றுமில்லை. சில வீடுகளில் மிளகாயே சேராத பேக் கிம்ச்சி, அதாவது வெள்ளைக் கிம்ச்சி, பிள்ளைகளுக்கென்றே ஊறும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மிளகாய் கொரிய மண்ணுக்குரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலேற்றி ஆசியாவுக்குக் கொண்டுவந்தது அது. நம் ஊருக்கும் அவர்கள் வழியேதான் வந்தது. கொரிய நூல்களில் அதைக் குறிப்பிடும் பழைய பதிவுகளில் ஒன்று, 1614இல் யி சு-குவாங் எழுதிய ஜிபோங் யுசொல். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகக் கொரியர்கள் தின்ற ஊறுகாய் வெள்ளையாகத்தான் இருந்திருக்க வேண்டும். சிவப்புக் கிம்ச்சிதான் பின்னால் வந்தது. இரண்டு வயதுப் பிள்ளையின் தட்டில் இருப்பது பழைய கிம்ச்சி.

குழந்தை உணவைக் கொரியர்கள் இயுஷிக் என்கிறார்கள். பால் மறக்கவைக்கும் உணவு என்பது பொருள். அதற்குப் படிகள் உண்டு. ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு நீர் விட்டுக் காய்ச்சி வடித்த மியும் முதலில். பிறகு சற்றே கெட்டியான ஜுக். அப்புறம் குழைந்த சோறான ஜின்பாப். கடைசியில்தான் பாப், அதாவது சோறு. நாக்கு முன்னால் வருவதைத் தானாக வெளியே தள்ளும் அனிச்சை நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் அடங்கும். அதன் பிறகுதான் கரண்டிக்கு வழி. மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய நொதி அந்த வயதில் இன்னும் சொற்பம். தாய்ப்பாலே கொஞ்சம் நொதியைச் சேர்த்து அனுப்புகிறது.

நீண்ட காலமாக ஜுக் என்றால் எல்லாம் ஒன்றாக அரைத்த பழுப்புக் கஞ்சிதான். இறைச்சி, கீரை, காரட் எல்லாம் ஒரே நிறம், ஒரே ருசி. அண்மை ஆண்டுகளில் இளம் பெற்றோர் அதை உடைத்துவிட்டார்கள். ஒவ்வொரு காயையும் தனியே வேகவைத்து, மசித்து, பனிக்கட்டித் தட்டில் உறையவைத்து வைத்துக்கொள்கிறார்கள். வேளைக்கு மூன்று நான்கு கட்டிகளைச் சூடாக்கி வெறும் அரிசிக் கஞ்சிக்குப் பக்கத்தில் தனித்தனிக் குவியலாக வைக்கிறார்கள். டாப்பிங் இயுஷிக் என்று இதற்குப் பெயர். புதுமை என்று கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ இது பாட்டியின் பன்ச்சான் மேசை சுருங்கிக் குழந்தைத் தட்டுக்கு வந்ததாகவே தெரிகிறது: நடுவில் சோறு, சுற்றிலும் தனித்தனி ருசிகள்.

இதில் நாக்குக்கு லாபம் உண்டு. பிடிக்காத காயைக் குழந்தை ஏற்க எட்டிலிருந்து பத்து முறையாவது ருசி காட்ட வேண்டியிருக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கீரை காரட்டுக்குள் ஒளிந்திருந்தால் கீரையின் ருசி எது என்று குழந்தை அறிவது எப்படி? ஒவ்வாமை வந்தாலும் எதனால் என்று சொல்லிவிடலாம். தட்டில் விழும் கட்டிகளின் பருமனையும் வாரத்துக்கு வாரம் கூட்டலாம். இது மிக முக்கியம். இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைக் கண்ட குழந்தைகள் பதினைந்தாம் மாதத்தில் சாப்பாட்டில் அதிகம் தகராறு செய்தார்கள். மெல்லக் கற்பதற்கும் ஒரு பருவம் இருக்கிறது. கொங்நமுல் என்ற சோயா முளையில், கடினமான தலைப்பருப்பையும் நாரான வாலையும் கிள்ளிவிட்டு நடுத்தண்டை மட்டும் நறுக்கித் தருவது அந்தப் பருவத்துக்கான வேலை. தலைப்பருப்பு தொண்டையில் சிக்கும் அளவு.

இறைச்சியில் மட்டும் பழைய பழக்கம் ஒன்றைக் கைவிடச் சொல்வேன். ஆறு மாதத்தில், பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்துக் கையிருப்பு கரையத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதனால் கொரியாவில் மாட்டிறைச்சிக் கஞ்சி சீக்கிரமே தொடங்குகிறது. நல்ல பழக்கம். ஆனால் வாடை போக இறைச்சியைத் தண்ணீரில் ஊறப்போட்டு "ரத்தத்தை" எடுப்பார்கள். அந்தச் சிவப்பு ரத்தம் அல்ல. தசையில் உள்ள மயோகுளோபின். நீரில் கரைவது, இரும்பைச் சுமப்பது. எதற்காக இறைச்சி கொடுக்கிறோமோ அதில் ஒரு பகுதி வடிகாலில் போகிறது. நெத்திலியை ஊறவைத்த அதே தண்ணீர் இங்கே நட்டம் செய்கிறது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்தால் போதும்.

முட்டையைத் தள்ளிப்போடும் பயமும் பழையதாகிவிட்டது. 2016இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், தோல் கரப்பான் இருந்த குழந்தைகளுக்கு, கரப்பானுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டே, ஆறாம் மாதம் முதல் வேகவைத்த முட்டைப் பொடியை மிகச் சிறிதளவில் கொடுத்தார்கள். ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை 8 விழுக்காடு, கொடுக்காதவர்களிடம் 38. உப்பிறால் சேர்க்காமல் ஆவியில் வேகவைத்த முட்டையான கேரான்-ஜிம் அதற்கு வாகான வடிவம். கரப்பான் உள்ள பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். தேன் மட்டும் ஓராண்டு முடியும்வரை கூடவே கூடாது. பளபளப்புக்காகத் தொடுகறியில் ஊற்றினாலும், சூடாக்கினாலும் சரி. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் சமையல் சூட்டில் சாவதில்லை; சிசுவின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும்.

முதல் பிறந்தநாளான தோல் அன்று, குழந்தையைப் பட்டு உடுத்தி மேசை முன் உட்காரவைப்பார்கள். பழங்களும், வெண்மையான அரிசிப் பலகாரமும், சிவப்புப் பயற்றில் புரட்டிய சோள உருண்டைகளும் அடுக்கடுக்காக இருக்கும். நூல், பணம், எழுதுகோல் எல்லாம் வைத்து எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த ஒட்டும் பலகாரங்கள் குழந்தையின் தொண்டைக்கு ஆபத்தானவை, விருந்தினர்தான் தின்பார்கள். பிறந்தநாள் பிள்ளைக்குக் கிடைப்பது உப்புக் குறைத்த மியொக்குக்கில் பிசைந்த சோறு. ஓராண்டுக்கு முன் அதே நாளில் தாய் குடித்த சூப்தான் அது.